தாடி ஓணான் ஆறு நாளாக வெளிக்குப் போகவில்லை, தரைக்கு என்ன விரிக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பியர்டட் டிராகனுக்கு (தாடி ஓணான்தான்) ஏழு மாதம். தினமும் ஒழுங்காக மலம் கழித்தவன், ஆறு நாளாக ஒன்றும் போகவில்லை. சாப்பாடும் பாதியாகிவிட்டது. பின்கால்களை இழுத்து நடக்கவில்லை, வயிற்றில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. நாளை காலை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம்.

தப்பு என்னுடையதுதான் என்று நினைக்கிறேன். தொட்டியில் கால்சியம் மணல் போட்டிருந்தேன். "தின்றாலும் செரித்துவிடும்" என்று பையில் எழுதியிருந்ததை நம்பிவிட்டேன். பூச்சியைக் கவ்வும்போது மணலும் சேர்ந்து வாய்க்குள் போவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். (பார்த்தும் சும்மா இருந்தேன், திட்டுங்கள், பரவாயில்லை.)

இப்போது மணலை எல்லாம் அள்ளிவிட்டு கிச்சன் டவல் விரித்திருக்கிறேன். இன்னொன்றும் தெரிந்தது: தொட்டிக்குள் பல்புக்கு அடியில் அவன் வெயில் காயும் கல்லின் மேல் வெப்பமானி 33 டிகிரிதான் காட்டியது. அங்கே 40 டிகிரியாவது இருக்க வேண்டும், சூடு குறைந்தால் செரிமானமே மந்தமாகிவிடும். பல்பை மாற்றிவிட்டேன். வெதுவெதுப்பான நீரில், தோள் நனையாத ஆழத்தில், பதினைந்து நிமிடம் உட்கார வைக்கிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நிரந்தரமாக டைல்ஸ் போட்டால் நகம் வழுக்குமா, சொரசொரப்பான ஸ்லேட் கல் நல்லதா? ரெப்டைல் கார்ப்பெட்டில் (தொட்டித் தரையில் விரிக்கும் துணி விரிப்பு) நகம் மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா? அப்புறம், மலம் போகும்வரை பூச்சியை நிறுத்திவிட்டுக் கீரை மட்டும் கொடுக்கலாமா?