அபூர்வமான மாஸையும் ஆவாரஞ்செடியையும் எப்படி ஒப்பிடுறது?

திருமங்கலம் அம்மா:
பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா, அபூர்வமான ஒரு மாஸையும் (ஈரத்துல பாசி மாதிரி படருற பூக்காத சின்னச் செடி) சாதாரணமா பூக்குற ஒரு புதர்ச்செடியையும் ஒப்பிட்டு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. செடிக்குக் கவலையில்ல, எங்க கண்மாய்க் கரை பூரா ஆவாரம்தான். மாஸுக்குத்தான் முழிக்கிறோம், கெணத்து உள்சுவத்துல பச்சையா வெல்வெட்டு மாதிரி படர்ந்திருக்கே, அத எழுதலாமா? ஒண்ணுல பூ இருக்கு ஒண்ணுல இல்லங்கறதத் தவிர என்ன எழுதுறது?

மேலூர் வாத்தியார்:
கெணத்துல இருக்குறதும் மாஸாத்தான் இருக்கும்மா, ஆனா அந்த மாதிரி ஈரச் சுவத்துக்குச் சுவரு கெடைக்குது, அபூர்வம்னு எழுத முடியாது. டகாக்கியாங்கற அபூர்வ மாஸ எடுத்துக்கச் சொல்லுங்க. இமயமலை, ஜப்பான், அலாஸ்கா பக்கம்னு சில குளிர்ந்த எடத்துல மட்டும் இருக்கு, பொடிப்பொடியா விரல் மாதிரி பிளந்த இலை. 1958-ல ஜப்பான்ல பேர் வச்சப்ப லிவர்வோர்ட்டுன்னுதான் (மாஸுக்குச் சொந்தமான இன்னொரு பூக்காத செடி வகை) நெனச்சாங்க, 1990கள்ல அதோட ஸ்போர் பைய, அதாவது விதைக்குப் பதிலா இருக்குற தூள் உருவாகுற பையப் பாத்த பெறகுதான் மாஸ்னு முடிவாச்சு. இந்தக் கதைய விட்டுடாம எழுதச் சொல்லுங்க.

பூ இருக்கு இல்லங்கறதோட நிறுத்திடாதீங்க. மாஸுல ஆண் அணு தண்ணில நீந்தித்தான் பெண் அணுகிட்ட போய்ச் சேரணும், ஈரம் இல்லாட்டி ரெண்டும் சேரவே சேராது. ஆவாரத்துக்கு அந்தக் கவலை இல்ல, வண்டு பாத்துக்கும். இன்னொண்ணு, மாஸுல நம்ம கண்ணுக்குத் தெரியிற பச்சைக்குக் குரோமோசோம் ஒரு செட்டுதான், ஆவாரஞ்செடிக்கு ரெண்டு செட்டு. மார்க் இங்கதான் கெடைக்கும்.

அலங்காநல்லூர் விவசாயி:
வாத்தியார் வண்டுன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டாரு. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பொண்ணக் கரைக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. ஆவாரம்பூவுல தேன் கெடையாது, மகரந்தப் பையோட நுனில சின்ன ஓட்டைதான். பெரிய கருவண்டு பூவக் கட்டிப்புடிச்சு உடம்ப நடுக்கி உர்ர்ர்னு சத்தம் போடும், அந்த அதிர்வுலதான் மஞ்சத் தூள் கொட்டும், வயித்துல அப்பிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகும். நான் வரப்புல ஒக்காந்து எத்தனையோ நாள் பாத்திருக்கேன்.

திருமங்கலம் அம்மா:
ரொம்ப நன்றி, போய்ப் பாத்துட்டே வந்துட்டோம், அந்தச் சத்தம் கேட்டதும் பொண்ணு அசையாம நின்னுட்டா. சித்திரை வெயில்லயும் ஆவாரம் பச்சையா நிக்குதே, வேருதான் காரணமா?

மேலூர் வாத்தியார்:
ஆமாம்மா, வேரு ஆழமா போகும். மாஸுக்கு உண்மையான வேரே இல்ல, மத்த மாஸுல முடி மாதிரி ரைசாய்டு இருக்கும், டகாக்கியாவுக்கு அதுவும் கெடையாது. மொட்டை மாடி கைப்பிடிச் சுவத்துல கருகிக் கெடக்குற மாஸு மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு லென்ஸ் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, சுருண்ட இலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே விரியும்.