முதல் மேமோகிராம்: அம்மா பயப்படுகிறார், உள்ளே என்ன நடக்கும்?

கேள்வி:
அம்மாவுக்கு 52 வயது. கட்டியோ வலியோ இல்லை, மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேதான் மேமோகிராம் என்பதால் பரிசோதனைக்காகத்தான் எடுக்கிறோம். மார்பை நசுக்குவார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து தயங்குகிறார். எப்படித் தயாராக வேண்டும்?

பதில் 1:
அன்று குளித்துவிட்டு வரட்டும். அக்குளிலும் மார்பிலும் பவுடர், கிரீம், டியோடரன்ட் எதுவும் வேண்டாம். டியோடரன்டில் உள்ள அலுமினியம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் தெரியும் நுண்ணிய கால்சியப் படிவுகளும் அப்படித்தான் இருக்கும். குழம்பினால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டிவரும். புடவையோ சுடிதாரோ வசதி, மேலாடையை மட்டும் கழற்றினால் போதும். தாலிச் செயினைக் கழற்றத் தயக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள், முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

நின்றபடியே எடுப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம்: மேலிருந்து கீழாக ஒன்று, அக்குள்வரை சேர்த்துச் சாய்வாக ஒன்று. பிளாஸ்டிக் தட்டு இறங்கி அழுத்துவது சில விநாடிகள்தான். அழுத்தாவிட்டால் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சின்னக் கட்டியை மறைத்துவிடும். தட்டையானால் கதிர்வீச்சும் குறைவாகவே தேவைப்படும். தோளை இறுக்கினால் மார்புத் தசையும் இறுகி வலி கூடும். கையைத் தளரவிடச் சொல்லுங்கள். தாங்க முடியாவிட்டால் உடனே சொல்லலாம், நிறுத்துவார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. எந்த நாளில் போவது? கதிர்வீச்சு பயமும் இருக்கிறது.

பதில் 2:
மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் போங்கள். வருவதற்கு முந்தைய வாரம் மார்பு கனத்து வலிக்கும், அப்போது வேண்டாம். கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட், இயற்கையாகவே ஏழு வாரத்தில் நம் உடலில் படும் அளவுதான். மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ்' (BI-RADS) என்று ஓர் எண் இருக்கும், படத்தில் கண்டதை வகைப்படுத்துவது அது. 0 என்றால் ஒன்றுமில்லை என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது தவறு. படம் போதவில்லை, கூடுதல் படமோ ஸ்கேனோ வேண்டும் என்பதே அதன் பொருள். முதல் முறை எடுப்பவர்களுக்கு ஒப்பிடப் பழைய படம் இல்லாததால் இப்படித் திரும்ப அழைப்பது சகஜம். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. 1, 2 நல்லது. 3 வந்தால் வழக்கமாக ஆறு மாதத்தில் மீண்டும் பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்ஸி (கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதிப்பது), தள்ளிப்போடக் கூடாது.

மார்புத் திசு அடர்த்தி என்று எழுதியிருந்தால் அல்ட்ராசவுண்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடர்ந்த திசுவும் கட்டியும் இரண்டுமே வெள்ளையாகத் தெரியும். ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகும் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் அடுத்த மேமோகிராம்வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். படங்களின் சிடியையும் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் வேண்டும்.