69-ஆவது ரெஜிமென்ட்டுக்கு வண்ணம் தீட்டியபோது

மேசைப் போர் விளையாட்டுக்கான குட்டிச் சிப்பாய் உருவங்களுக்கு வண்ணம் தீட்டும்போது, சிவப்புக் கோட்டு என்றதும் படை முழுவதற்கும் ஒரே சிவப்பை அடித்துவிடுகிறோம். 1815-இல் பிரிட்டிஷ் காலாட்படையில் சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம்தான். செங்கல் நிறத்தை ஒட்டிய, சற்று மங்கிய சிவப்பு அது. அதிகாரிகளின் துணிக்கு கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயம் என்பதால் அது பளீரென்று இருக்கும். 28 மி.மீ. அளவு உருவங்களில் 69-ஆவது ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியனை (பட்டாலியன் என்பது ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவு) செய்ய உட்கார்ந்தபோது, இந்த ஒரு வித்தியாசத்தைக் காட்டினாலே போதும், படை உயிரோடு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நான் செய்யும் முறை இது. முதலில் கோட்டு முழுக்கச் சாக்லேட் பழுப்பு. மடிப்புகளின் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு அதன்மேல் மங்கிய சிவப்பு. அது காய்ந்ததும் பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும் நீர்த்த பழுப்பு வாஷ். கறுப்பு வாஷ் போட்டால் சிவப்பு அழுக்காகத் தெரியும். வெளிச்சம் படும் மேடுகளைக் காட்டும் ஹைலைட்டுக்கு வெள்ளை கலந்தால் கோட்டு ரோஸ் நிறமாகிவிடும், அதனால் துளி ஆரஞ்சு கலந்து தோள் விளிம்பிலும் முழங்கை மடிப்பிலும் மட்டும் தொட்டுவிடுகிறேன். அதிகாரிக்கு அடியிலிருந்தே பளிச்சிடும் சிவப்பு. மூன்று அடி தள்ளி நின்று பார்த்தாலும் வரிசையில் அவர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் கழுத்துப்பட்டி, கைமடிப்பு. இவற்றின் நிறம் ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் மாறும். 69 சேர்ந்திருந்த ஹால்கெட் பிரிகேடில் (தளபதி ஹால்கெட்டின் படைத்தொகுதி) நான்கு பட்டாலியன்கள்: 30-க்கு வெளிர் மஞ்சள், 33-க்குச் சிவப்பு, 73-க்குக் கரும்பச்சை, நம்முடைய 69-க்கு வெளிர் பச்சை. முரசடிப்பவருக்கு எல்லாமே தலைகீழ்: கோட்டு பச்சை, கழுத்தும் கைமடிப்பும் சிவப்பு. அந்த ஒரு உருவத்துக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

நம் ஊர் ஈரக்காற்றில் முதல் பூச்சான ஸ்ப்ரே பிரைமரும் கடைசிப் பூச்சான மேட் வார்னிஷும் பொரிந்தும் வெளுத்தும் போகும். இரண்டையும் தூரிகையால்தான் பூசுகிறேன்.

உருவம் நிற்கும் அடித்தட்டு, அதாவது பேஸ் விஷயத்துக்கு வருகிறேன். உருவத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது தரைக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1815 ஜூன் 16, பெல்ஜியத்தில் காத்ர் பிரா; நெப்போலியனின் படையோடு வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு நடந்த போர். வயல்களில் ரை (கோதுமை போன்ற தானியம்) பயிர் ஆளை மறைக்கும் அளவுக்கு வளர்ந்து நின்றது. 69-ஆவதின் பட்டாலியன், குதிரைப்படையைத் தடுக்க நிற்கும் சதுர அணிக்கு மாறிக்கொண்டிருந்தது. மேல்தளபதியான நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் மறுபடி வரிசையாக நிற்கச் சொன்னார். அந்த நேரத்தில் பயிருக்குள்ளிருந்து பிரெஞ்சு மார்புக்கவசக் குதிரைப்படை பாய்ந்தது. பட்டாலியனின் இரண்டு கொடிகளில் ஒன்றான அரசர் கொடி பறிபோனது. மறுநாள் கொட்டிய மழை இரவெல்லாம் தொடர, 18-ஆம் தேதி வாட்டர்லூவில் தரை சேறும் மிதிபட்ட பயிருமாகக் கிடந்தது. இரண்டே நாள் இடைவெளிதான், ஆனால் பேஸ் ஒன்றாக இருக்க முடியாது. நான் காத்ர் பிராவைத் தேர்ந்தெடுத்தேன்.

ரை பயிருக்குத் தேங்காய் நார் மிதியடிதான் சரியான பொருள். அடிப்பக்கப் பின்னலோடு சேர்த்து விரலகலப் பட்டையாக வெட்டி, உருவங்களுக்குப் பின்னால் ஃபெவிகால் வைத்து ஒட்ட வேண்டும். முன்னால் ஒட்டினால் கைமடிப்பு மறைந்துவிடும். நார் தானாகவே பழுத்த நிறத்தில் இருப்பதால் அப்படியே விடத் தோன்றும். ஆனால் ஜூன் நடுவில் அங்கே பயிர் முழுதாகப் பழுத்திருக்காது. அடியில் இளம்பச்சை, நுனியில் வெளிர் மஞ்சள் என்று உலர்தூரிகையால் (பெயிண்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகை) லேசாக இழுத்துவிட்டால் வயல் வந்துவிடும். மண்ணுக்கு, டீ வடிகட்டியில் சலித்த மணல். அதன்மேல் கரும்பழுப்பு அடித்து, சாம்பல் கலந்த பழுப்பால் மேலே தேய்க்கிறேன். பழக்கத்தில் செம்மண் நிறத்துக்குக் கை போகும். அந்தப் படை அப்புறம் பெல்ஜியத்தில் நிற்காது.

கொடிக் கம்பத்தை ஒட்டவில்லை. கொடி பிடிப்பவரின் கையில் சிறு துளை போட்டு, மெல்லிய கம்பியைச் செருகியிருக்கிறேன். வாட்டர்லூ ஆட்டம் ஆடும் நாளில் அரசர் கொடியைக் கழற்றிவிடுவேன். அது அன்று அவர்களிடம் இல்லை.

இந்தப் படையை மேசையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த வேலூர்ப் பெரியவர் ஒருவர் பேஸின் பின்னால் எழுதியிருந்த எண்ணைப் படித்தார். “தம்பி, எங்க கோட்டையில இருந்த 69-ஆ இது?” என்று கேட்டார். “ஆமாங்க ஐயா, அதே ரெஜிமென்ட்தான். இங்க நிக்கிறது வேற பட்டாலியன்” என்றேன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் பிரிட்டிஷ் படையில் இருந்த இந்திய சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது தாக்கப்பட்டது 69-ஆவது ரெஜிமென்ட். அன்று அந்த ரெஜிமென்ட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் உடைதான்: தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை, தாடியை மழிக்கவும் நெற்றிக் குறிகளை நீக்கவும் போட்ட உத்தரவு. பெரியவர் மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத்தூணைப் பற்றிச் சொன்னார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் அவரைச் சுற்றி நின்றுவிட்டோம்.

அன்றிலிருந்து என் மேசையில் மதராஸ் சிப்பாய்கள்தான். சிவப்புக் கோட்டு, கீழே வெள்ளை அரைக்கால் சட்டை, காலில் செருப்பு. தொடைக்குக் கீழே தோல் நிறம் அதிகம் தெரிவதால் பழுப்பை ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கலக்கிறேன். தலைப்பாகையை எபாக்ஸி களிமண்ணில் நானே உருட்டி வைக்கிறேன். நெற்றிக் குறியும் மீசையும் தாடியும் ஒவ்வொருவருக்கும் வேறுவேறாக, கடைசியாக, மிக மெல்லிய தூரிகையால். பேஸுக்குக் கோட்டையின் கருங்கல் தளம்: மெல்லிய கார்க் தாளைக் கற்களாக வெட்டி ஒட்டி, அடர்சாம்பல் அடித்திருக்கிறேன். விடிவதற்கு முந்தைய வெளிச்சத்தை அந்தக் கல்லில் எப்படிக் கொண்டுவரலாம் என்று செய்துபார்த்தவர்கள் சொல்லுங்கள்.