மோரிஸ் மைனர் பெட்ரோல் மீட்டர் தலைகீழாகக் காட்டுகிறது, சாமான் எங்கே கிடைக்கும்?

சிப்புட்_மைனர்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது, ஊருக்குக் கிளம்பிய துரையிடமிருந்து வாங்கிய காடி, 1966 மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி. இன்னும் ஓடுகிறது. பெட்ரோல் மீட்டர் முள் ரொம்ப நாளாகக் காலியிலேயே படுத்துக் கிடந்ததால் டேங்க் ஃப்ளோட்தான் (தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் என்று மீட்டருக்குச் சொல்லும் மிதவைச் சாமான்) போயிருக்கும் என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். 'எல்லா மைனருக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். பொருந்தியது என்னவோ உண்மைதான், ஓட்டை எல்லாம் சரியாக உட்கார்ந்தது. ஆனால் தொட்டி நிறைய ஊற்றினால் முள் பாதியில் நிற்கிறது, பெட்ரோல் குறையக் குறைய மேலே ஏறுகிறது! போன வாரம் செம்மோர் தாண்டும்போது முள் 'ஃபுல்' காட்டிக்கொண்டிருக்க, காடி ரோட்டோரம் நின்றுவிட்டது. விற்றவரிடம் கேட்டால் மாட்டிப் பார்த்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டாராம். இங்கே பட்டணத்துக் கடைகளில் மைவி, சாகா சாமான்தான். மீட்டரே கெட்டிருக்கிறதா? டேஷ்போர்ட் மீட்டரும் வாங்க வேண்டுமா, எங்கே கிடைக்கும்?

கிள்ளான்_காடிக்காரன்:
தலைகீழா காட்டுதுன்னா மீட்டர் பின்னால இருக்கிற இரண்டு வயரையும் மாத்திக் கொடுங்க பாஸ், முள் திரும்பிடும் லா. சாமான் எதுக்கு.

பழைய_போர்மன்_ஈப்போ:
வயரை மாற்றாதீர்கள் தம்பி, திரும்பாது. உங்கள் காடியில் இருக்கும் ஸ்மித்ஸ் மீட்டருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டையும் அதைச் சுற்றிச் சூடாகும் கம்பியும் இருக்கின்றன. கரண்ட் போனால் சூடாகும், சூட்டில் பட்டை வளையும், முள் ஏறும். கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சூடு சூடுதான்.

மீட்டர் நன்றாகவே இருக்கிறது, நீங்கள் சொன்ன அடையாளமே போதும். விஷயம் என்னவென்றால் மைனரில் இரண்டு ரக மீட்டர் வந்திருக்கிறது. பழைய ரகத்துக்குள் இரண்டு காயில் (கம்பிச் சுருள்) இருக்கும், சாவி போட்டதும் முள் டக்கென்று துள்ளும், வளைவில் திரும்பினால் ஆடும். அதற்கான ஃப்ளோட் கரண்டைத் தடுக்கும் அளவு, தொட்டி காலியாக இருக்கும்போது ஏறக்குறைய பூஜ்யம் ஓம், நிறைந்தால் 80 ஓம் பக்கம். அறுபதுகளின் நடுவிலிருந்து வந்த ரகம் உங்களுடையது மாதிரி, முள் மெதுவாக ஊர்ந்து ஏறும். அதன் ஃப்ளோட் நேர் எதிர்: காலியில் சுமார் 240 ஓம், நிறைந்தால் 20, 30 ஓம். உங்களுக்கு வந்தது பழைய ரக ஃப்ளோட். காலித் தொட்டியில் ஓம் இல்லாததால் உங்கள் மீட்டர் அதை ஃபுல் என்று நினைக்கிறது, நிறைந்த தொட்டியில் 80 வருவதால் நடுவில் நிற்கிறது. கணக்கு சரியாக ஒத்துப்போகிறது பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் டேங்கிலிருந்து வரும் பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரைக் கழற்றுங்கள். சாவி போட்டால் முள் காலியில் இருக்க வேண்டும். அதே வயரை பாடியில் தொட்டால் ஃபுல்லுக்கு ஏற வேண்டும். முள் மேலே போனதும் எடுத்துவிடுங்கள், ரொம்ப நேரம் வைத்தால் உள்ளே கம்பி கருகிவிடும். பழைய ரகம் என்றால் இதுவும் நேர் எதிராகக் காட்டும். புத்தகத்தில் போட்ட ஆண்டை நம்பாமல் இப்படிச் சோதித்துவிட்டுச் சாமான் வாங்குவதுதான் நல்லது, இத்தனை வருஷத்தில் யார் எந்தக் காடியிலிருந்து எதைக் கழற்றி மாட்டினார்களோ.

அது சரி, பழைய ஃப்ளோட்டை வீசிவிட்டீர்களா?

லெட்சுமி_டீச்சர்:
போர்மன் அண்ணன் சொல்வதோடு ஒன்று. மீட்டருக்குப் பின்னால் சின்ன டப்பா ஒன்று இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரி கரண்டை விட்டு விட்டு அனுப்பிச் சராசரியாக 10 வோல்ட் ஆக்கிக் கொடுக்கும். அதன் உடம்பு சரியாக எர்த் ஆகாவிட்டால், அதாவது காடி பாடியோடு சேராவிட்டால், மீட்டர் எப்போதும் அதிகமாகக் காட்டும். மாற்ற வேண்டி வந்தால் மறக்காதீர்கள், மைனர் பாசிட்டிவ் எர்த் காடி, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போது விற்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரில் பாசிட்டிவ், நெகட்டிவ் தனித்தனி, தப்பானதை மாட்டினால் உடனே போய்விடும்.

சாமானுக்கு, இங்கிலாந்தில் மைனருக்கு மட்டுமே சாமான் விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. 'எந்த ரகம், எத்தனை ஓம்' என்று எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, தபால் செலவு தனி, சில சமயம் அதுவே சாமான் விலையைத் தொட்டுவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆர்டர் போட்டால் கட்டுப்படியாகும். பினாங்கில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனால் ஓம் அளக்கும் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள், விற்பவர் பார்வைக்கு எல்லா ஃப்ளோட்டும் ஒன்றுதான்.

அதுவரை மைல் மீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள். தொட்டி 6.5 கேலன், ஏறக்குறைய 29 லிட்டர், 150 மைலுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டால் நடுரோட்டில் நிற்காது. பானெட்டுக்குள் எஸ்யூ பெட்ரோல் பம்ப் நிற்காமல் டக் டக் டக் என்று வேகமாக அடித்தால் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பல வருஷம் அதுதான் மீட்டர்.

சிப்புட்_மைனர்:
அண்ணே, டீச்சர், ரொம்ப நன்றி. வயரைக் கழற்றிச் சோதித்தேன், சொன்ன மாதிரியே இருக்கிறது, மீட்டருக்கு ஒன்றுமில்லை. பழைய ஃப்ளோட்டை வீசவில்லை, மைலோ டின்னில் கிடக்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் எதுவுமே காட்டவில்லை. மிதவையை ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்கிறது.

பழைய_போர்மன்_ஈப்போ:
அப்படியென்றால் சாமானே வாங்க வேண்டாம் போலிருக்கிறது. உள்ளே பெட்ரோல் புகுந்த மிதவை மூழ்கிவிடும், முள் எழாது. பித்தளை மிதவை என்றால் சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள், எந்த இடத்திலிருந்து குமிழி வருகிறதோ அங்கேதான் ஊசி ஓட்டை. அடுப்புப் பக்கம் வேண்டாம், தண்ணீரை வெளியே கொண்டு வந்து செய்யுங்கள். உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுவதும் போய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஈயம் வைக்க வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும்.

பிறகு மூடியைத் திறந்து பாருங்கள், முடி மாதிரி மெல்லிய கம்பி சுற்றியிருக்கும், அதன்மேல் ஒரு நாக்கு நகரும். கம்பி அறுந்திருந்தால் வேறு ஃப்ளோட்தான். வெறும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போடவே கூடாது. துடைத்துவிட்டு மிதவையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி ஓம் பாருங்கள், நடுவில் எங்கும் விட்டுப் போகாமல் ஓட வேண்டும்.

மாட்டும்போது தொட்டியில் பாதிக்குக் கீழே இருக்கட்டும், பேட்டரி கழற்றியிருக்கட்டும், சிகரெட் பிடிக்கிற ஆளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். ஃப்ளோட் எர்த் எடுப்பது தொட்டி வழியாகத்தான், ஆகவே தொட்டிக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு ஸ்குரூ இடத்தில் சுரண்டிவிடுங்கள். அடியில் வைக்கிற கார்க் வாஷர் உடைந்திருக்கும், ஹார்ட்வேர் கடையில் பெட்ரோல் தாங்கும் கேஸ்கெட் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள்.

கிள்ளான்_காடிக்காரன்:
சரி சரி, வயர் விஷயத்துல நான் வாயை மூடிக்கிறேன். 😅

சிப்புட்_மைனர்:
முடிந்தது! மிதவையின் தையலில் ஊசி ஓட்டை, உள்ளே கம்பி அறுபடவில்லை, களிம்புதான். காலியில் 236, நிறைந்தால் 27 ஓம். பத்து லிட்டர் ஊற்றியதும் முள் அதன் பாட்டுக்கு ஊர்ந்து மூன்றில் ஒரு பங்குக்குப் போய் நின்றது. புதிதாக வாங்கிய பழைய ரக ஃப்ளோட் சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா? வாங்கிய விலையில் பாதி கொடுத்தால் போதும்.

பீடோர்_ராஜா:
என்னிடம் 1958 மைனர் இருக்கிறது, முள் துள்ளுகிற ரகம், சோதித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ பக்கம் வருவீர்களா? மல்டிமீட்டரோடு வருகிறேன்.