டெப் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட்டும் பச்சை. பிறகேன் புள்ளி அசையவில்லை?

களுதாவளைக்காரி (மட்டக்களப்பு):

படுவான்கரைப் பக்கம் சில பாடசாலைகளில் தரம் 6 முதல் 8 வரை கணிதத்துக்கு டெப் (டெப்லெட் கணினி) கொடுத்து நடக்கும் ஒரு புரொஜெக்ட்டில் கண்காணிப்பும் மதிப்பீடும் என் வேலை. அங்கே சிக்னல் நம்ப முடியாது. அதனால் பாடங்களை இணையம் இல்லாமலே ஓடும் கொலிப்ரி என்ற கல்வி மென்பொருளில் ஏற்றி, வகுப்பிலேயே சின்ன சேர்வர் ஒன்று வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் தரவு சேகரிக்கும் கோபோ செயலியில் படிவம் நிரப்பிக் கொழும்புக்கு அனுப்புவேன்: எத்தனை டெப், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி. எல்லாமே இலக்கைத் தாண்டித்தான் நிற்கிறது. தவணைப் பரீட்சைப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது அடுத்த வருட பட்ஜெட்டில் என் பகுதியை வெட்டி, அந்தக் காசுக்கு இன்னும் டெப் வாங்குவோம் என்று பேச்சு. "அளந்தால் பிள்ளை படிக்குமா?" என்று முகாமையாளர் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. கண்காணிப்பால் ஒரு திட்டம் உருப்பட்டதை நேரில் கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். லாக்ஃப்ரேம் (திட்ட இலக்கு, குறிகாட்டி அட்டவணை) பாடம் வேண்டாம், அது எனக்கே மனப்பாடம்.

பழைய ஆலோசகர் (திருக்கோவில்):

மகள், நான் ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் முகாமையாளர் கேட்டதில் பிழையில்லை. நீங்கள் அனுப்பும் மூன்று எண்ணிக்கையும் சாமான் கணக்கு. அதை ஸ்டோர் கீப்பரே தருவார்.

எங்கள் பக்கம் இதே மாதிரி ஒரு திட்டம் நடந்தது. நன்றாக நடந்த ஒரு பாடசாலையில் சேர்வர் பதிவை எடுத்துப் பார்த்தால் செவ்வாயும் வியாழனும் வெறுமையாகக் கிடக்கிறது. கரண்ட் இல்லையோ என்று பார்த்தோம், இருந்தது. போய் விசாரித்தால் விஷயம் இதுதான்: டெப்கள் அதிபர் அறை அலுமாரியில். திறப்பு ஒரு டீச்சரிடம். அந்த இரண்டு நாளும் அவருக்கு முதல் பாடவேளை வேறு கட்டடத்தில், திறப்பு அவருடைய கைப்பையோடு போய்விடும். கணித ஆசிரியர் புதிதாக வந்த பொடியன், மூத்த டீச்சரிடம் போய்க் கேட்கக் கூச்சம். இரண்டாவது திறப்பு வெட்டிக் கொடுத்ததோடு சரியாகிவிட்டது. டெப் காணாமல் போனால் யார் பொறுப்பு என்று அதிபர் கொஞ்சம் முறுகினார்தான். கையொப்பக் கொப்பி ஒன்று வைத்ததும் அவரும் சம்மதித்தார்.

இதை எந்த மாதாந்தப் படிவமும் பிடித்திருக்காது. பதிவு நாள்வாரியாக இருந்தது, அடுத்த கிழமையே ஒருவர் போய்ப் பார்த்தார், திறப்பு வெட்டும் காசுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்றும் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது.

அதே திட்டம் கெட்டதும் கண்காணிப்பால்தான். கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் பாவனை இருக்க வேண்டும் என்று மேலிருந்து இலக்கு வந்தது. பிறகு பார்த்தால் சில வகுப்புகளில் முழுப் பிள்ளைகளும் ஒரே பத்து நிமிடத்துக்குள் ஒரே பயிற்சியை முடித்து முழுப் புள்ளி! ரிப்போர்ட் அழகாக இருந்தது.

பெருவில் 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளை வைத்து ஒரு மதிப்பீடு செய்தார்கள், முடிவு 2012இல் வந்தது. மடிக்கணினி கொடுத்த இடங்களில் ஒரு பிள்ளைக்கு 1.18 கணினி, கொடுக்காத இடங்களில் 0.12. ஆனால் கணிதத்திலும் மொழியிலும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் டெப் வாங்குவோம் என்பவரிடம் முதலில் இதைக் காட்டுங்கள்.

மருதமுனை டீச்சர்:

அஸ்ஸலாமு அலைக்கும். படிவம் நிரப்புகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். வருவார்கள், பிள்ளைகள் டெப்போடு இருக்கிற மாதிரிப் படம் எடுப்பார்கள், கையொப்பம் வாங்குவார்கள், போவார்கள். என் வகுப்பில் யாருக்குப் பின்னம் விளங்கவில்லை என்று ஒருவராவது திரும்பி வந்து சொன்னது கிடையாது. கொலிப்ரியில் ஆசிரியர் பக்கத்தைத் திறந்தால் எந்தப் பிள்ளை எந்தப் பயிற்சியில் தடுமாறுகிறது என்று அதுவே காட்டுகிறது. அதை எங்களுக்குப் பழக்கிவிடாமல் கொழும்புக்கு அனுப்பி என்ன பயன்? சேர் சொன்ன அந்தப் பத்து நிமிட விளையாட்டு எங்கள் பக்கமும் உண்டு, ஆளைச் சொல்ல மாட்டேன்.

வந்தாறுமூலை மாணவன்:

கண்காணிப்பு தனியாகவே வேலை செய்யும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது, அக்கா. ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் ஓராசிரியர் பாடசாலைகளில், நேரம் பதியும் கமரா கொடுத்துக் காலையும் மாலையும் பிள்ளையைக் கொண்டு ஆசிரியரைப் படம் எடுக்க வைத்தார்கள். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21க்கு இறங்கியது. பிள்ளைகளின் புள்ளியும் கூடியது.

பழைய ஆலோசகர் (திருக்கோவில்):

தம்பி, அங்கே படத்தைப் பார்த்துத்தான் சம்பளம் கணக்குப் பண்ணினார்கள். அதை விட்டுவிட்டுக் கமராவை மட்டும் சொல்லக் கூடாது. அதே மாவட்டத்தில் அரசாங்கச் சுகாதார நிலையத் தாதியருக்கும் இப்படி வரவுப் பதிவு வைத்தார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மேலிடமே வரவு பதியத் தேவையில்லை என்று விலக்கு நாள் கொடுக்கத் தொடங்கியது, சுமார் 16 மாதத்தில் பழைய நிலைமைக்கே வந்துவிட்டது. எங்கள் வலயத்தில் ஆசிரியருக்குக் கமரா என்று பேச்செடுத்தாலே சங்கம் வாசலில் நிற்கும், நிற்கவும் வேண்டும்.

களுதாவளைக்காரி (மட்டக்களப்பு):

நன்றி சேர், நன்றி டீச்சர். நாளைக்கே சேர்வர் பதிவை நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்கிறேன். பட்ஜெட் கூட்டத்தில் என்ன கேட்பது?

பழைய ஆலோசகர் (திருக்கோவில்):

பெரிதாகக் கேட்க வேண்டாம். பாடசாலைக்குக் கொஞ்சம் கைக்காசு, அதைச் செலவழிக்கும் அதிகாரம் உங்களுக்கு. படிவத்தைப் பாதியாக வெட்டலாம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், முகாமையாளர் முகம் மலரும்.

புது டெப் வாங்கத்தான் போகிறார்கள் என்றால், எந்தப் பாடசாலைக்கு முதலில் என்பதைக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். பிந்திக் கிடைக்கிற பாடசாலைகள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், யாருக்கும் இல்லாமலும் போகாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சோதனை, ஒரே கிழமையில். பிந்தினால் மாரி மழையில் பாதை போய்விடும், அது முடிய அறுவடை, பாதிப் பிள்ளைகள் வயலில் நிற்பார்கள். அப்போது எடுக்கிற புள்ளியை வைத்து டெப் நல்லதா கெட்டதா என்று பேசவே முடியாது.

குலுக்கலை அதிபர்கள் முன்னால் வைத்தே நடத்துங்கள். இல்லாவிட்டால் யாருடைய சொந்தக்காரன் பாடசாலை என்ற கதை அன்றைக்கே கிளம்பும்.