இறுதியாண்டுத் திட்டம்: நேரியல் இயற்கணிதத்தை நம் ஊர்த் தொழிலில் எங்கே பொருத்தலாம்?

காங்கயம் மாணவி கேட்கிறார்:

வணக்கம். பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து இந்தப் பருவத்துக்குள் ஒரு திட்டம் முடிக்க வேண்டும். நேரியல் இயற்கணிதத்தை (அணிகள், திசையன்கள் பற்றிய கணிதம்) நடைமுறைச் சிக்கல் ஒன்றில் பயன்படுத்திக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

துறையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அணியை, அதாவது எண்களின் கட்டத்தை, பகுத்துப் புகைப்படத்தைச் சுருக்கும் வேலை. மீதியில் பெரும்பங்கு இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தும் கூகுளின் பேஜ்ரேங்க். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்து முடித்த பிறகு, இதனால் யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் மூவரில் ஒருத்தியின் அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். இன்னொருத்தி நாமக்கல் பக்கம். வீட்டில் கோழிப்பண்ணை இருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில் வருகிறவள். அதனால் கோவை, திருப்பூர், ஈரோடு பஸ் நிலையங்களை வைத்துப் பேஜ்ரேங்க் போடலாம் என்று முதலில் நினைத்தோம். அது போதுமா? வேறு எதையாவது எடுத்தால் அணிகள் உண்மையாகவே வேலை செய்யுமா, அல்லது பெயருக்கு ஒட்டியதாக இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாய ஆலை ஆய்வகம், திருப்பூர்:

அம்மணி, தோழியின் அப்பா சாயப்பட்டறையில் இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் பஸ் நிலையத்தைத் தேடிப் போகிறீர்களே! நான் எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். வகுப்பில் பூச்சிய வெளி (ஓர் அணி பூச்சியமாக்கிவிடும் திசையன்களின் தொகுதி) என்பதை மனப்பாடம் செய்து எழுதினேன். அது என்ன என்று புரிந்தது இங்கே, விளக்குகளை மாற்றிப் போட்டு நிறம் பார்க்கும் லைட் பாக்ஸ் முன்னால் நின்றபோதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பையர், அதாவது சரக்கை வாங்குபவர், ஒரு துணித் துண்டை அனுப்புவார். அதே ஷேட் (நிறச் சாயல்) வர வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று சாயங்களை எந்த அளவில் கலப்பது? நம் அனுபவசாலிகள் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அதே கேள்வியை அணியாகவும் எழுதலாம்.

நிறமாலை அளவியில் துணியை வைத்தால் 400 முதல் 700 நானோமீட்டர் வரை, பத்துப் பத்தாக, 31 அலைநீளங்களில் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று தரும். ஆக ஒரு நிறம் என்பது 31 எண்கள் கொண்ட ஒரு திசையன். இந்த எண்களை நேரடியாகக் கூட்ட முடியாது. ஓர் அலைநீளத்தில் ஒரு சாயம் போட்ட துணி 50 விழுக்காடு ஒளியைத் திருப்புகிறது, இன்னொரு சாயம் போட்டது 10 விழுக்காடு திருப்புகிறது என்றால், இரண்டையும் சேர்த்துப் போட்ட துணி சராசரியாக 30 விழுக்காட்டைத் திருப்பாது. இங்கேதான் 1931இல் குபெல்கா, முங்க் என்ற இருவர் தந்த சூத்திரம் வருகிறது. திரும்பும் பங்கை ப என்று வையுங்கள். (1 − ப)² ÷ 2ப என்ற மதிப்பை எடுங்கள். இதைத்தான் ஆய்வகத்தில் கே/எஸ் என்கிறோம். ப 0.5 என்றால் 0.25 வரும், 0.1 என்றால் 4.05 வரும். இந்த மதிப்புகளைக் கூட்டலாம். வெள்ளைத் துணியின் சிறு பங்கை விட்டுவிட்டுப் பார்த்தால் கலவைக்கு 4.30. அதைத் திருப்பிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 9.5 விழுக்காடு ஒளிதான் திரும்பும். வளைந்து கிடந்த ஒன்றை நேர்கோடாக்கும் இந்த ஒரு படி இல்லாவிட்டால், பின்னால் வரும் அணிக்கணக்கு எதுவும் நிற்காது. உங்கள் அறிக்கையில் இதற்குத் தனி இயல் கொடுங்கள்.

இனி அணி தானாக எழுந்து வரும். ஒவ்வொரு சாயத்தையும் பல செறிவுகளில் தனித்தனியாகச் சாயமேற்றி அளந்தால், துணி எடையில் ஒரு விழுக்காடு சாயத்துக்கு எவ்வளவு கே/எஸ் கூடுகிறது என்று 31 அலைநீளங்களிலும் கிடைக்கும். அது அணியில் ஒரு நிரல் (செங்குத்து வரிசை). மூன்று சாயங்களுக்கு மூன்று நிரல்கள்: 31க்கு 3 அணி. பையர் துண்டின் கே/எஸ் மதிப்பிலிருந்து வெள்ளைத் துணியின் மதிப்பைக் கழித்தால் வலப்பக்கம். சமன்பாடுகள் 31, மாறிகள் 3. துல்லியமான தீர்வு பெரும்பாலும் இருக்காது; பிழைகளின் வர்க்கங்களின் கூட்டலை மிகக் குறைக்கும் மீச்சிறு வர்க்க முறையில் மிக நெருங்கிய தீர்வை எடுக்கிறோம். சில சமயம் மஞ்சள் சாயத்துக்குக் குறை எண் வந்து நிற்கும். பீக்கரில் குறை எண் அளவு சாயத்தை ஊற்ற முடியாது! அப்போது விடை பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் தீர்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் வராத இந்த நெருக்கடி உங்களுக்கு நல்ல பயிற்சி.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஆய்வகத்தில் பகல் ஒளிக்கு நிகரான டி65 விளக்கில் இரண்டு துண்டுகளும் ஒன்றாகவே தெரியும். கடைகளின் குழல்விளக்குக்கு நிகரான டிஎல்84 விளக்குக்கு மாற்றினால் ஒன்று பச்சை பாய்ந்தோ சிவந்தோ தெரியும். பட்டறையில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இது நடக்கும் என்பார்கள். ஏன் நடக்கிறது?

நம் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அளவி தந்த 31 எண்களைக் கண் மூன்று எண்களாகச் சுருக்கிவிடுகிறது. இது 3க்கு 31 அணி. அணித்தரம், அதாவது ஒன்றையொன்று சாராத வரிசைகளின் எண்ணிக்கை, 3 என்பதால் 31இல் 3 போகப் பூச்சிய வெளியின் பரிமாணம் 28. இரண்டு துணிகளின் 31 எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு அந்த 28 பரிமாண வெளிக்குள் விழுந்துவிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். விளக்கை மாற்றினால் அணி மாறுகிறது. பூச்சிய வெளியும் மாறுகிறது. பழைய வெளிக்குள் ஒளிந்திருந்த வேறுபாடு புதிய வெளிக்கு வெளியே வந்துவிடுகிறது. பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். வகுப்பில் இருபது வரியில் நிறுவிய தேற்றத்தை நான் கண்ணால் பார்த்த இடம் இது.

இதற்கு வேண்டிய அணியும் கையில் கிடைக்கும். சராசரிக் கண்ணுக்கான அட்டவணையைச் சர்வதேச ஒளியியல் ஆணையம் வெளியிட்டதும் அதே 1931இல்தான். விளக்குகளின் நிறமாலை அட்டவணைகளும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அணி.

இது வெறும் அழகுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஷேட் தவறினால் மறுபடி சாயமேற்ற வேண்டும்: மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன பாடுபட்டது என்பது காங்கயத்துக்காரருக்குத் தெரியாததல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. இப்போது கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. முதல் முறையே சரியான ஷேட் வந்தால், சுத்திகரிக்க வேண்டிய தண்ணீர் அந்த அளவுக்குக் குறையும்.

தீவன ஆலை, நாமக்கல்:

சாயக்கார அண்ணன் சொன்னது அருமை. ஆனாலும் பண்ணை வீட்டுத் தோழியையும் மறந்துவிடாதீர்கள். முட்டைக் கோழித் தீவனத்தில் எளிய கணக்கு ஒன்று: மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 9 விழுக்காடு, சோயாப் புண்ணாக்கில் சுமார் 45. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக 100 கிலோவில் 10 கிலோ கிளிஞ்சல் போடுகிறோம் என்று வையுங்கள். மொத்தப் புரதம் 18 விழுக்காடு வர வேண்டும். சமன்பாட்டைத் தீர்த்தால் சோளம் 62.5, புண்ணாக்கு 27.5, கிளிஞ்சல் 10. இது பிளஸ் டூ மாணவரும் போடும் கணக்கு.

உண்மையான ஆலையில் தவிடு, சூரியகாந்திப் புண்ணாக்கு, எண்ணெய், அமினோ அமிலங்கள் எனச் சரக்குகள் பெருகும். எரிசக்தி, லைசின், மெத்தியோனின் எனக் கட்டுப்பாடுகளும் பெருகும். தீர்வுகள் எண்ணற்றவை, அவற்றில் விலை குறைந்ததைத் தேட வேண்டும். கட்டுப்பாடுகளுக்குள் குறைந்த செலவைத் தேடும் இந்த முறை, நேரியல் திட்டமிடல், பிறந்த காலத்திலேயே இப்படி ஒரு கணக்கைத்தான் சோதித்தார்கள். ஸ்டிக்ளர் என்ற பொருளியலாளர் 1945இல் 77 உணவுகள், 9 சத்துகள் வைத்து, ஒரு மனிதனின் ஓராண்டு உணவுக்குக் குறைந்த செலவு 39.93 டாலர் என்று தோராயமாகக் கண்டார். இத்தகைய கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும், கணிதவியலாளர் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை வந்ததும் 1947இல் ஒன்பது பேர் மேசைக் கணிப்பான்களோடு உட்கார்ந்து அதே கணக்கைத் தீர்த்தார்கள்; விடை 39.69 டாலர். இன்று உங்கள் மடிக்கணினி அதை நொடியில் முடித்துவிடும்.

என் யோசனை: விடையோடு நிற்காமல், சோளத்தின் விலை எவ்வளவு ஏறினால் கலவை மாறத் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். பண்ணைக்காரர் கேட்பது அதைத்தான். விலை எவ்வளவு மாறும் வரை விடை மாறாது என்று பார்க்கும் உணர்திறன் பகுப்பாய்வு அதற்கு நேராக விடை சொல்லும்.

கணித ஆசிரியர், கோபி:

பஸ் யோசனை பற்றி ஒரு சொல். இரு திசையிலும் பஸ் ஓடும் வலையமைப்பில் ஒரு பயணி தோன்றிய பஸ்ஸில் ஏறி அலைந்துகொண்டே இருந்தால், நெடுநாளில் அவர் எந்த நிலையத்தில் எவ்வளவு பங்கு நேரம் இருப்பார் என்பது அந்த நிலையத்திலிருந்து கிளம்பும் தடங்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது நிறுவக்கூடிய உண்மை. ஐகென் திசையனை (அணியால் பெருக்கினாலும் திசை மாறாத திசையனை) தேடிக் கிடைக்கும் விடையும், தடங்களை எண்ணிப் பார்த்தால் கிடைக்கும் விடையும் ஒன்றே. பேஜ்ரேங்கில், அலைபவர் இணைப்பைத் தொடராமல் எங்கோ தாவும் வாய்ப்புக்காகச் சேர்க்கும் 0.85 என்ற காரணி இதைச் சற்றே மாற்றும், அவ்வளவுதான். கோவை காந்திபுரம் முதலிடம் பெறும் என்று சொல்ல அணி எதற்கு? இணையப் பக்கங்களில் இணைப்பு ஒரு திசையில் மட்டும் போவதால்தான் அந்த முறைக்கு அங்கே உயிர் இருக்கிறது.

சாயத் திட்டத்தை எடுத்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான இரண்டு சிவப்புச் சாயங்களை அணியில் வைத்தால் என்ன ஆகும்? மூன்றே அலைநீளங்கள் வைத்துப் பாருங்கள். முதல் சாயத்தின் நிரல் (2, 4, 1), இரண்டாவது (2, 4.1, 1). இலக்கு (4, 8.1, 2) என்றால் விடை ஒன்றுக்கு ஒன்று. அளவியில் நடு எண் 8.2 என்று வந்துவிட்டால்? முதல் சாயம் பூச்சியம், இரண்டாவது 2. அளவீட்டில் அத்தனை சிறிய மாற்றம் ஒரு சாயத்தையே கலவையிலிருந்து நீக்கிவிட்டது. நிரல்கள் ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தால் அணித்தரம் முழுமையாக இருந்தும் பயனில்லை என்பதை மாணவர்கள் கையால் உணர வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று விலகிய மூன்றைப் பட்டறைகள் தேர்ந்தெடுப்பதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

காங்கயம் மாணவி:

ஐயா, அண்ணா, மூவருக்கும் நன்றி. இன்று கூடிப் பேசினோம். சாயத்தையே எடுக்கிறோம், பண்ணைத் தோழியும் சம்மதித்துவிட்டாள், தீவனக் கணக்கை ஒரு பிற்சேர்க்கையாக அவள் எழுதுவாள். ஒரு சந்தேகம்: எங்கள் கல்லூரியில் நிறமாலை அளவி இல்லை. கைப்பேசி கேமராவில் துணியைப் படம் எடுத்து அந்த எண்களை வைத்துக்கொள்ளலாமா?

சாய ஆலை ஆய்வகம், திருப்பூர்:

கூடாது. கேமராவும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்தான் தருகிறது. அதற்கும் 28 பரிமாணப் பூச்சிய வெளி உண்டு. நீங்கள் தேடும் வேறுபாடு அதற்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். இந்தக் காரணத்தையே அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதுங்கள்.

தோழியின் அப்பாவிடம் கேளுங்கள். ஏற்றுமதிக்குச் சாயமேற்றும் ஆலைகளின் ஆய்வகங்களில் அளவி இருக்கும். வேலை குறைந்த நேரத்தில் அளந்து கோப்பாகத் தரச் சொல்லலாம். கோவையிலும் ஈரோட்டுப் பக்கமும் ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள்.

போகும்போது மூன்று விஷயங்கள். ஒன்று, அதே லாட் (தொகுப்பு) துணியில் சாயமேற்றாத வெள்ளைத் துண்டையும் அளந்து வாருங்கள். அது இல்லாமல் வலப்பக்கத் திசையன் கிடைக்காது. இரண்டு, அடர்ந்த ஷேடுகளில் கே/எஸ் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும். அதனால் வெளிர், நடுத்தர ஷேடுகளோடு தொடங்கி, எந்தச் செறிவில் விலகல் தொடங்குகிறது என்று வரைபடம் போடுங்கள். மூன்று, பனியன் துணி மெல்லியது. ஒற்றையாக வைத்தால் ஒளி ஊடுருவிப் பின்னால் இருப்பதன் நிறத்தையும் கொண்டுவந்துவிடும். ஒளி ஊடுருவாத தடிமனுக்குத்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். நான்காக மடித்து வைத்து அளக்கச் சொல்லுங்கள். எல்லாத் துண்டுகளுக்கும் அதே மடிப்பு.