வீட்டை ஒட்டி நிக்குற பெரிய வேப்பமரம், சாஞ்சிருக்கு, எடுக்கலாமா? எப்படி எடுக்கறது?

பின்கட்டு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல சிட்டிய ஒட்டி அஞ்சு சென்ட்ல எங்க வீடு. பின்னாடி காம்பவுண்டுக்கும் சமையல்கட்டு செவுத்துக்கும் நடுவுல ஒரு வேப்பமரம், நாங்க எடம் வாங்குறப்பவே பெரிய மரம்தான், வெட்ட மனசு வராம வீட்டை முன்னாடி தள்ளிக் கட்டுனோம். இப்ப ரெண்டு மாடி ஒயரத்தைத் தாண்டிருச்சு, அடிமரத்தை ஒரு ஆளு கட்டிப்புடிச்சா கை எட்டாது. மரம் பக்கத்து வீட்டுப் பக்கமா சாஞ்சு நிக்குதுங்க, அவங்களுது சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, அந்த ரூம்லதான் கொழந்தைங்க படுக்குறாங்க. போன மார்கழில நுனியெல்லாம் கருகிப்போச்சு. அடியில ஒரு பக்கம் பொந்து விழுந்திருக்கு, மழை பேஞ்சா அதுல காளான் மொளைக்குது. இன்னொரு பக்கம் ஈபி சர்வீஸ் ஒயர் கிளைக்குள்ள புகுந்து வருது, செப்டிக் டேங்க் வேற மரத்துல இருந்து ஆறேழு அடிதான்.

ரெண்டு பேர் வந்து பாத்தாங்க. ஒருத்தர் காசே வேண்டாம் மரத்தை நான் எடுத்துக்குறேன்னாரு, இன்னொருத்தர் பெரிய தொகை கேக்குறாரு, எதுக்கு இவ்வளவு வித்தியாசம்னு புரியல. மாமனார் வேம்பு மறுபடி தளுக்கும் வெட்டாதீங்கன்னு ஒரே புடியா நிக்குறாரு. பர்மிஷன் வாங்கணுமா, எந்த மாசம் பண்ணலாம், தூரை என்ன பண்றது, சமையல்கட்டு செவுத்துல ஒரு விரிசல் இருக்கு அது மரத்தாலயா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உச்சாணி:
மரம் எறக்குற வேலைதான் நமக்கு, அதனால கொஞ்சம் வெலாவாரியா சொல்றேன். மொதல்ல உங்க மாமனார் சொல்றதுல பாதி நெசம். நுனி கருகுறது தேயிலைக் கொசுன்னு ஒரு பூச்சி கொழுந்துல சாறு உறிஞ்சுறதால வரும், கூடவே பூஞ்சணமும் சேந்துக்கும். 2021ல தெலங்கானாவுல ஏகப்பட்ட வேம்பு இப்படித்தான் செத்த மாதிரி நின்னுச்சு, நம்ம பக்கமும் பாத்திருப்பீங்க, பெரும்பாலான மரம் அப்பறம் தளுத்துருச்சு. நகத்தால சின்னக் கிளையச் சுரண்டிப் பாருங்க, பட்டைக்குக் கீழ பச்சை தெரிஞ்சா உசுரு இருக்கு. நுனி காஞ்சதுக்காக ஒரு வேம்பை வெட்டுறது பாவம், அதை நான் செய்யமாட்டேன்.

ஆனா அடியில பொந்து, காளான், சாஞ்ச மரம், கீழ ஆளு படுக்குற ரூம், இது வேற கணக்கு. எல பச்சையா இருக்குறதுக்கும் அடிமரம் தாங்குறதுக்கும் சம்பந்தம் இல்ல, மேல தளதளன்னு நிக்குற மரமே அடியில செத்திருக்கும். ஒரு மரச்சுத்தியல எடுத்து இடுப்பு ஒயரத்துல இருந்து வேர் வரைக்கும் சுத்தித் தட்டிப் பாருங்க, நல்ல கட்டைல கிண்ணுனு சத்தம் வரும், உள்ள போனதுல பொத்து பொத்துன்னு கேக்கும். பொந்துக்குள்ள ஒரு கம்பிய விட்டு எவ்வளவு தூரம் மெத்துன்னு போகுதுன்னு பாருங்க. முக்கியமா சாஞ்சதுக்கு எதிர்ப்பக்கம் மண்ணு வெடிச்சிருக்கா, வேர் தூக்கியிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, அதுக்கப்பறம் வெட்டலாமா வேண்டாமான்னு பேசலாம்.

டெல்டா விவசாயி:
காசே வேண்டாம்னு சொல்றவருகிட்ட ஜாக்கிரதை சார். நான் பட்டுக்கோட்டை பக்கம், 2018 கஜா புயலுக்கு அப்பறம் எங்க ஊர்ல இப்படித்தான் நெறைய பேர் வந்தாங்க. வெலை போற அடிமரத்தையும் பெரிய கிளையையும் ஏத்திட்டுப் போயிடுவாங்க, தழை, சுள்ளி, தூரு எல்லாம் உங்க தலைல. அந்தத் தழைய அள்ளிப்போட ஒரு வண்டி, ரெண்டு ஆளுன்னு எவ்வளவு ஆகும்னு விசாரிச்சுப் பாருங்க. வேம்பு நல்ல கட்டை, கதவு நெலைக்கு வாங்குவாங்க, ஆனா உள்ள பொந்துன்னா வெறகுக்குத்தான் போகும், அப்ப அவரு பாதில கணக்கு பேசுவாரு. கூலி தனி, கட்டை தனின்னு பேசுங்க. யாரு எதை அள்ளணும், தூரு எவ்வளவு ஒயரத்துல நிக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க.

சைட் எஞ்சினியர்:
உங்க எடம் கரிசல் மண்ணா செம்மண்ணா, அதை மொதல்ல சொல்லுங்க ப்ரோ. கரிசல்னா இந்த விசயத்தை யாரும் சொல்லமாட்டாங்க, கேட்டுக்கோங்க. கரிசல் மண்ணு தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும். பெரிய மரம் வருசக்கணக்கா தண்ணிய உறிஞ்சி மண்ணைக் காயவெச்சே வெச்சிருக்கும், நீங்க அந்தக் காஞ்ச மண்ணு மேலதான் அஸ்திவாரம் போட்டிருக்கீங்க, ஏன்னா வீட்டுக்கு முன்னாடியே மரம் இருக்கு. மரத்தை எடுத்துட்டா மெதுவா ஈரம் ஏறி மண்ணு ஊதும், தரை தூக்கலாம், புதுசா விரிசல் வரலாம், இது அடுத்த மழைலயும் தெரியும், சில வருசம் கழிச்சும் தெரியும். விரிசல் கோடைல விரிஞ்சு மழைக்கு மூடுதுன்னா மண்ணு சுருங்கி ஊதுறதோட வேலை. விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க, நீளுதான்னு தெரிஞ்சுடும். அதுக்குன்னு சாயுற மரத்தை விட்டுவைக்கச் சொல்லல, வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க. வெட்டுன கையோட அந்த விரிசலப் பூசி பெயிண்ட் அடிக்காதீங்க, மண்ணு செட்டில் ஆகட்டும்.

தூரை ஜேசிபி வெச்சு புடுங்கவே கூடாது. வேரு காம்பவுண்டுக்குக் கீழயும் செப்டிக் டேங்க் பக்கமும் ஓடியிருக்கும், இழுத்தா செவுரும் பைப்பும் சேந்து வரும்.

நிழல்பிரியன்:
எனக்கென்னமோ முழுசா வெட்ட வேண்டாம்னு தோணுது. பாதி ஒயரத்துல மொட்டையடிச்சு விட்டுடுங்க, பாரமும் கொறையும் மரமும் பொழைக்கும், காத்துக்கும் ஆடாது. இருக்குற கொஞ்ச நஞ்ச மரத்தையும் எடுத்துட்டா வெயில்ல என்ன பண்றது.

உச்சாணி:
உங்க அக்கறை புரியுதுங்க, நல்ல அடிமரம்னா நானே கிளை கழிச்சு பாரம் கொறைங்கன்னுதான் சொல்லுவேன். மொட்டையடிக்குறது வேற. வெட்டுன எடத்துல இருந்து கொத்துக் கொத்தா தளுக்கும், அந்தப் புதுக் கிளை பட்டைய ஒட்டி மட்டும்தான் புடிச்சிருக்கும், கொஞ்ச வருசத்துல கனத்து ஒடியும், வெட்டுவாய் வழியா தண்ணி எறங்கி மேலயும் அழுகும். அடியும் பொந்து மேலயும் பொந்துன்னா அடுத்த தடவை ஏறுறதுக்கு ஆளு கிடைக்காது.

பின்கட்டு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கரிசல் மண்ணுதாங்க. தட்டிப் பாத்தோம், பொந்து இருக்குற பக்கம் பூரா பொத்து சத்தம், கம்பி முழங்கை அளவுக்கு உள்ள போச்சு, வெளிய இழுத்தா ஈரமா பழுப்புத் தூளு ஒட்டிட்டு வருது. சாஞ்சதுக்கு எதிர்ப்பக்கம் மண்ணுல வெரல் நொழையுற அளவுக்கு வெடிப்பு இருக்குதுங்க. மாமனாரே பக்கத்துல நின்னு பாத்துட்டு எடுத்தரலாம்னு சொல்லிட்டாரு. இனி பர்மிஷனும் ஈபியும், வேலை எப்படி நடக்கணும்னு சொல்லுங்க.

உச்சாணி:
அந்த வெடிப்பைக் கேட்டதுக்கப்பறம் தள்ளிப்போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். சாதாரணமா தை மாசிதான் நல்ல நாளு, வேம்பு எல உதுத்து பாரம் கொறைஞ்சு நிக்கும். உங்க மரம் அதுவரைக்கும் காத்திருக்காது, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஆனி ஆடிக் காத்து எறங்குறதுக்கு முன்னாடி முடிச்சாகணும். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக் கொழந்தைங்கள வேற ரூம்ல படுக்க வைக்கச் சொல்லுங்க, இன்னைக்கே சொல்லுங்க. சித்திரை வைகாசில காக்கா கூடு கட்டும், மேல குஞ்சு இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

ரோட்டோர மரம், பொறம்போக்கு மரம்னா தொடவே கூடாது, அது மாவட்ட பசுமைக் குழுவுக்குப் போகும். மலையடிவாரத்துல அறிவிக்கப்பட்ட கிராமம்னா 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்தப் பட்டாவுக்கும் வரும். உங்களுது காம்பவுண்டுக்குள்ளன்னாலும் பொந்து, வெடிப்பு, சாய்வு தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, மரம் அபாயமா இருக்குன்னு லோக்கல் பாடி ஆபீஸ்ல ஒரு மனு குடுத்து, என்ன நடைமுறைன்னு கேட்டு, ரசீது வாங்கி வைங்க. நாளைக்கு யாராவது கம்ப்ளைண்ட் பண்ணா கையில காகிதம் இருக்கணும். ஈபிக்கு செக்சன் ஆபீஸ்ல எழுதிக்குடுத்து அந்த நேரத்துக்கு லைன் ஆஃப் பண்ணி சர்வீஸ் ஒயரை அவங்களே கழட்டி மாட்டட்டும். வர்ற ஆளு நானே ஃப்யூஸ் புடுங்கிக்குறேன்னு சொன்னா அந்த ஆளே வேண்டாம்.

வேலைக்கு வருவோம். அந்த மரத்தை அடியில அறுத்து சாய்க்க எடமே இல்ல, அதுவும் பொந்து விழுந்த அடி நெனைச்ச பக்கம் விழாது. மேல இருந்து துண்டு துண்டா கயித்துல கட்டித்தான் எறக்கணும். ஒரு அடி குறுக்களவு, பத்தடி நீளம் உள்ள பச்சைக் கட்டை இருநூறு கிலோ வரும், ஷீட் மேல விழுந்தா நேரா தரைக்குத்தான் வரும். அதனால ஷீட்டுக்கு மேல இருக்குற கிளைய ரெண்டடி மூணடியாத்தான் அறுக்கணும். ஒவ்வொரு கிளைக்கும் மொதல்ல அடிப்பக்கமா ஒரு வெட்டு, அப்பறம் கொஞ்சம் தள்ளி மேல வெட்டு, இல்லேன்னா பட்டையோட உரிஞ்சு அறுக்குறவரு மேலயே வந்து அடிக்கும். சாஞ்ச பக்கத்துப் பாரத்தை மொதல்ல கொறைச்சிட்டுத்தான் எதிர்ப்பக்கத்தைத் தொடணும், மாத்திச் செஞ்சா மொத்தமும் அந்தப் பக்கம் போயிடும். இந்த மாதிரி அடி போன மரத்துல ஏறவே கூடாது, கூடை வெச்ச லிஃப்ட் வண்டியோ கிரேனோ ரோட்டுல நின்னு எட்டுமான்னு பாருங்க. உங்ககிட்ட பெரிய தொகை கேட்டவரு வண்டியோட கேட்டிருந்தா அது நியாயமான வெலைதான். எந்த வழின்னாலும் பெல்ட், ஹெல்மெட் இல்லாம வேலை ஆரம்பிக்க விடாதீங்க, மேல நிக்குறவனுக்கும் வீட்ல கொழந்தைங்க இருக்கு.

சைட் எஞ்சினியர்:
தூருக்கு ஒரு வார்த்தை. தரை மட்டத்துக்கு அறுத்துட்டு சுத்தி ஒரு அடி தோண்டி, பெரிய வேரைக் கையால மட்டும் அறுத்து விட்டுடுங்க, தளுக்குற துளிர அப்பப்ப ஒடிச்சுட்டே இருந்தா மெதுவா செத்துரும். ஆசிட், மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்லுவாங்க, வேண்டாம், பக்கத்துல போர்வெல் இருந்தா தண்ணி கெட்டுப்போகும். கரையான் வரும், சமையல்கட்டு நெலைக்கதவ மட்டும் அடிக்கடி பாத்துக்கோங்க.

பின்கட்டு:
அவரு வண்டியோடதாங்க கேட்டிருக்காரு, இப்பதான் போன் பண்ணி உறுதி பண்ணேன். பக்கத்து வீட்ல பேசியாச்சு, கொழந்தைங்க இன்னைக்கே முன் ரூமுக்கு மாறிட்டாங்க. நாளைக்குக் காலைல மனுவும் ஈபி லெட்டரும் குடுத்துடறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு, மாமனார் வேற மரம் வெச்சே ஆகணும்ங்கறாரு, அந்த எடத்துலயே வெக்கலாங்களா?

உச்சாணி:
அந்த எடத்துல வேண்டாமுங்க, பழைய வேரு அழுகி மண்ணு உள்வாங்கும், செப்டிக் டேங்க்கும் பக்கம். முன்பக்க மூலைல ஒரு கறிவேப்பிலையோ மாதுளையோ வைங்க. வேம்பேதான் வேணும்னு அவரு ஆசைப்பட்டா, வீட்டுக்கும் ஒயருக்கும் முப்பதடியாவது தள்ளி எடம் இருக்குற தோட்டத்துலயோ கோயில் நெலத்துலயோ கேட்டு வெச்சு, அவரையே தண்ணி ஊத்தச் சொல்லுங்க.